முக்கூடலில் இருந்துகொண்டே நோய்த் தரவு வேலை பார்க்க முடியுமா? ஒரு தம்பிக்கு விரிவான பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி புள்ளியியல் முடித்திருக்கிறீர்கள். ஊர் முக்கூடல். அம்மா பீடி சுற்றுகிறார். அவரைத் தனியாக விட்டுவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக மனசில்லை. நோய்த் தரவுகளை ஆராயும் பொதுச் சுகாதார வேலையை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா, அதற்கு என்ன படிக்க, டாக்டருக்குப் படிக்காதவனை அங்கே மதிப்பார்களா, "அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டை ஒரு தடவைகூடப் பார்க்காமல், மடிக்கணினியோடு மட்டும் இந்தத் துறைக்குள் வந்தால் வேலையில் பாதிதான் கைக்கு வரும். மீதிப் பாதி, அந்த எண் எந்தக் கையால் எழுதப்பட்டது, எதனால் எழுதப்படாமல் போனது என்று தெரிவதில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு அது கிட்டத்தில் இருக்கிறது. நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அதைச் சொல்லத்தான்.

முதலில் வேலை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அரசாங்கத்தின் நோய்க் கண்காணிப்பு வேலையை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் (ஐடிஎஸ்பி என்பார்கள்) மாவட்டந்தோறும் ஒரு கண்காணிப்புப் பிரிவு உண்டு. எபிடெமியாலஜிஸ்ட் (நோய்ப்பரவலை ஆராய்பவர்), தரவு மேலாளர் போன்ற பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில் அவ்வப்போது விளம்பரத்துக்கு வரும். அதற்கு ஆபீசுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஓர் ஊரில் காய்ச்சல் கூடினால் ஜீப்பில் ஏறவும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நிறுவனங்களில் வரும் ஆராய்ச்சித் திட்டப் பணிகளும் பெரும்பாலும் அப்படித்தான்.

வீட்டிலிருந்து பார்க்கிற வேலைகள் வேறு இடங்களில் இருக்கின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவில் நடத்தும் ஆய்வுகள், சுகாதார ஆலோசனை நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், மருந்து ஆய்வுகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் நிறுவனங்கள். கடைசியாகச் சொன்ன வகையில்தான் ஆள் எடுப்பது அதிகம், சம்பளமும் நிலையானது. ஆனால் அங்கே நோயைவிட மருந்துதான் மையம். மற்ற மூன்றிலும் வேலை ஆறு மாதம், ஒரு வருடம் என்று நிதியைப் பொறுத்து வரும், போகும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு யுஎஸ்எய்டு என்ற வெளிநாட்டு உதவி நிதியை நிறுத்தியபோது, அந்தப் பணத்தில் பல நாடுகளில் பல வருடங்களாக நடந்துவந்த டிஹெச்எஸ் என்ற மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டமே நின்றது. நம் தேசிய குடும்பநல ஆய்வின் மூலத்தரவை ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்து இறக்கிக்கொண்டிருந்ததும் அந்தத் திட்டத்தின் தளத்தில்தான். வீட்டிலிருந்து இந்த வேலை பார்த்த எத்தனையோ பேருக்கு ஒரே மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது. ஒரே ஆளை, ஒரே நாட்டின் பணத்தை நம்பி இருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

என்னைக் கேட்டால், முதல் ஒன்றிரண்டு வருடம் திருநெல்வேலியிலோ தென்காசியிலோ ஓர் ஒப்பந்தப் பணி கிடைத்தால் சம்பளம் குறைவாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கூடலில் இருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம், அம்மாவை விட்டுப் போக வேண்டியதில்லை. அங்கே கற்றுக்கொள்வதை எந்த ஆன்லைன் பாடமும் தராது. அது என்ன என்று இனிச் சொல்கிறேன்.

ஒரு காய்ச்சல் எப்படி எண்ணாகிறது என்று பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் அறிகுறியை வைத்து எழுதுவது எஸ் படிவம். மருத்துவர் பரிசோதித்து, இன்ன நோயாக இருக்கலாம் என்று எழுதுவது பி படிவம். ஆய்வகம் உறுதிசெய்வது எல் படிவம். முன்பு இவை வாரம் ஒரு முறை தொகுக்கப்பட்டன. இப்போது ஐஎச்ஐபி என்ற மின்தளத்தில் அன்றன்றே ஏற்ற வேண்டும். அதன் புதிய வடிவம் 2021 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்தது. ஒரே காய்ச்சல்காரர் மூன்று படிவத்திலும் வரலாம், ஒன்றில்கூட வராமலும் போகலாம். கடையில் மாத்திரை வாங்கித் தின்றுவிட்டு வேலைக்குப் போனவர் எந்தப் படிவத்திலும் இல்லை. ஆகவே எஸ், பி, எல் மூன்றையும் கூட்டி "மொத்தக் காய்ச்சல்" என்று ஒரு கோடு வரைந்தால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே கிடையாது. வரைகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது வெற்றிடமும் பூஜ்யமும். ஒரு துணை சுகாதார நிலையத்தில் இந்த வாரம் நோயாளி இல்லை என்றால் பூஜ்யம். அறிக்கையே வரவில்லை என்றால் வெற்றிடம். கோப்பு கைமாறும்போது யாராவது ஒருவர் வெற்றிடத்தை எல்லாம் பூஜ்யமாக நிரப்பிவிடுவார். அதன்பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். தீபாவளி வாரமும் பொங்கல் வாரமும் எல்லா நோயும் குறைந்ததுபோல் காட்டும். நோய் குறையவில்லை, ஆள் வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. தாமிரபரணி ஊருக்குள் வந்தது, கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்த வாரத்தின் அறிக்கைகள் குறைவாக இருந்தால் அதை நோய் குறைவு என்று யாராவது படித்துவிடக் கூடாது. வெள்ளத்தண்ணீரில் நடந்தவர்களுக்கு லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) வருவதானால் பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். மிகவும் கண் வைத்துப் பார்க்க வேண்டிய நேரத்தில்தான் கணக்கு அறுந்துபோகிறது. வெளியூரில் உட்கார்ந்து கோப்பை மட்டும் பார்க்கிறவருக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும், நீங்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்.

கடைசி இரண்டு வாரத்தின் எண்கள் எப்போதும் குறைவாகவே தெரியும். இன்னும் வந்து சேராதவை அவை. அதைப் பார்த்து "நோய் இறங்குமுகம்" என்று அறிக்கை எழுதக் கூடாது. பழைய வாரங்களில் எத்தனை நாள் தாமதமாக எத்தனை சதவீதம் வந்து சேர்ந்தது என்று பார்த்து, நடப்பு வாரத்தை மதிப்பிடும் முறைகள் இருக்கின்றன. நீங்கள் படித்த புள்ளியியலுக்கு அது எட்டாத விஷயம் இல்லை. வாரம் என்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு: ஐடிஎஸ்பி வாரம் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிறில் முடியும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வாரம் ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடியும். மென்பொருள் எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்க்காமல் விட்டால் இரண்டு தரவுகளும் ஒரு நாள் தள்ளிப் பொருந்தும்.

டெங்குவை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் நம் பகுதிக்கு அது வெறும் பாடம் இல்லை. 2012-இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. அதே வருடம் இந்தியா முழுவதும் 50,222 பேர், 242 இறப்பு. நாட்டில் நான்கில் ஒரு பங்கு நம் மாநிலத்தில். அந்த வருடம் கடையநல்லூர்ப் பக்கம் மிக மோசமாக அடிபட்டது, அதுவும் கோடையிலேயே. நமக்கு முக்கிய மழை அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். அப்படியானால் மழை இல்லாத மாதத்தில் கொசு எங்கிருந்து வந்தது? குழாயில் தண்ணீர் எப்போதாவது வரும் ஊர்களில் டிரம்மிலும் தொட்டியிலும் சிமெண்டுக் குளுதாடியிலும் பிடித்து வைப்பார்கள். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. மழை பெய்தால் சிரட்டை, ஆட்டுக்கல், டயர். மழை பெய்யாவிட்டால் டிரம். இரண்டு வழியிலும் டெங்கு வரும். மழையையும் டெங்குவையும் மட்டும் வைத்துக் கணித மாதிரி கட்டினால் நம் பகுதியில் அது ஒரு வருடம் பொருந்தும், அடுத்த வருடம் பொருந்தாது. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்ற தகவல் எந்த சுகாதாரத் தரவிலும் இல்லை. நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ கேட்டு வாங்க வேண்டும். இப்படி ஒரு விவரத்தை மாதிரிக்குள் கொண்டுவரத் தெரிந்த ஆளைத்தான் தேடுகிறார்கள்.

மழை பெய்த அன்றே நோயாளி வருவதும் இல்லை. முட்டை கொசுவாக ஏறத்தாழ எட்டுப் பத்து நாள். கடித்து உள்ளே போன வைரஸ் கொசுவின் உடம்பில் பெருகி அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வர எட்டிலிருந்து பன்னிரண்டு நாள். மனிதருக்குள் நான்கிலிருந்து பத்து நாள். பிறகு காய்ச்சல் வந்து, கஷாயம் குடித்துப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு வந்து, முடிவு வந்து, கணினியில் ஏறும் வரை இன்னும் சில நாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். இந்தப் படிகளை மனதில் வைத்துக்கொண்டு, மழைக்கும் நோய்க்கும் இடையே எத்தனை நாள் பின்தள்ளிப் பொருத்துவது என்று தேர்ந்தெடுப்பவர் வேறு, மென்பொருள் எது அதிகத் தொடர்பு காட்டுகிறதோ அதை எடுப்பவர் வேறு.

மழைத் தரவிலும் கவனம் வேண்டும். இந்திய வானிலைத் துறை அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் பாகைக் கட்டங்களாகத் தரும் மழைத் தரவு இலவசம், நல்ல தரவு. ஆனால் ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். மாஞ்சோலை, நாலுமுக்கு மலையில் கொட்டும் மழையும் கீழே சேரன்மகாதேவியில் வெயில் காய்வதும் அப்படிப்பட்ட கட்டங்களில் கலந்து சராசரியாகிவிடும். அம்பாசமுத்திரத்தில் தென்மேற்குப் பருவம் எப்படி இருக்கும், ராதாபுரத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்கு அந்தச் சராசரியைப் பார்த்ததும் சந்தேகம் வரும். காய்ச்சலையும் மண்ணையும் சேர்த்துப் பார்ப்பது இங்கே புதிதும் இல்லை. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் காய்ச்சல் பரவியபோது, அன்றைய சென்னை அரசாங்கம் மருத்துவர் ஆன்ஸ்லி தலைமையில் ஒரு குழுவை விசாரிக்க அனுப்பியது. அவர்கள் கொடுத்தது மருத்துவம், புவியியல், வேளாண்மை மூன்றையும் சேர்த்த அறிக்கை.

டெங்குவில் இன்னொன்று: எது "உறுதி" என்பது. அரசுக் கணக்கில் எலிசா என்ற ஆய்வக முறையில் செய்த என்எஸ்1 (வைரஸின் புரதம்), ஐஜிஎம் (உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) சோதனைகள்தான் உறுதியாகச் சேரும். தனியார் கிளினிக்கில் அட்டையில் செய்யும் விரைவுச் சோதனையில் வந்தது சந்தேகத்துக்குரியது என்ற அளவில் நிற்கும். என்எஸ்1 முதல் ஐந்து நாளுக்குள், ஐஜிஎம் அதற்குப் பிறகு. மூன்றாம் நாள் வந்தவருக்கு ஐஜிஎம் மட்டும் பார்த்து "இல்லை" என்று எழுதியிருந்தால் அந்த "இல்லை"யை நம்ப முடியாது. மருத்துவமனைத் தரவில் நோய்க்குறியீடும் மாறியிருக்கிறது. ஐசிடி என்ற உலக நோய்க்குறியீட்டுப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் டெங்குவுக்கு முன்பு ஏ90, ஏ91. திருத்தத்துக்குப் பின் ஏ97. பழைய குறியீட்டை மட்டும் தேடினால் நோய் திடீரென்று ஒழிந்துபோனதுபோல் இருக்கும்.

எல்லைகளைப் பற்றி. நெல்லைத் தரவைத் தொடும் எவரும் முதலில் விழுகிற குழி இது. தூத்துக்குடி 1986-இல் பிரிந்தது. தென்காசி 2019 நவம்பர் 22-இல் பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் திருநெல்வேலி மாவட்டம் 30.77 லட்சம், அதில் இன்றைய தென்காசி போக மிஞ்சுவது பாதிக்குச் சற்றுதான் கூடுதல். 2012-இல் "திருநெல்வேலி டெங்கு" என்று பதிவான கடையநல்லூர் இன்று தென்காசி மாவட்டம். 2012 எண்ணையும் 2022 எண்ணையும் ஒரே பெயரின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "டெங்கு பாதியாகக் குறைந்தது" என்று எழுதினால் குறைந்தது நோயா மாவட்டமா? இதோடு சேர்த்து, சுகாதாரத் துறைக்கு என்று தனியே சுகாதார மாவட்டங்கள் உண்டு. பழைய நெல்லை மாவட்டத்துக்குள் திருநெல்வேலி, சங்கரன்கோவில் என்று இரண்டு இருந்தன. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21-இல் நடந்தாலும், 2017 மார்ச் 31 அன்று இருந்த 707 மாவட்டங்களைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் உள்ள "திருநெல்வேலி" தென்காசியையும் சேர்த்த பழைய திருநெல்வேலி. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், லட்சம் பேருக்கு எத்தனை என்று சொல்வதற்கான கீழ் எண்ணே பத்து வருடத்துக்கு மேல் பழசு. தாலுகா வாரியாக, பிளாக் வாரியாகப் பழைய எண்களைப் பிரித்து, எந்த வருடத்துக்கு எந்த எல்லை என்று ஒரு பட்டியல் செய்து வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பாராட்டாத வேலை. ஆனால் இது இல்லாமல் மேலே கட்டுவது எதுவும் நிற்காது.

நோயாளி எந்த ஊர் என்பதும் அப்படித்தான். ஐகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தென்காசி, தூத்துக்குடி என்று அக்கம்பக்கத்து மாவட்டங்களில் இருந்தெல்லாம் வருகிறார்கள். சோதனை நடந்த இடத்தை நோய் வந்த இடமாக எடுத்துக்கொண்டால் வரைபடத்தில் பாளையங்கோட்டை எப்போதும் சிவப்பாக எரியும். மும்பையில் கடை வைத்திருப்பவர் காய்ச்சலோடு ரயிலேறி வந்து நாங்குநேரி முகவரி கொடுப்பார். வரைபடம் போடுவதற்கு முன் முகவரி எது, தங்கியிருந்த இடம் எது என்று கேட்பதுதான் பகுப்பாய்வாளரின் வேலை.

பெயர்களும். ஒரே ஆள் இரண்டு தரவுத்தளத்தில் இருக்கிறாரா என்று பெயரை வைத்துப் பொருத்த வேண்டி வரும். வெளிநாட்டு மென்பொருள்கள் முதல்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கும். நமக்கு இனிஷியல் மட்டும்தான், அதுவும் முன்னாலோ பின்னாலோ. இசக்கியம்மாளை ஆங்கிலத்தில் ஐ எழுத்தில் தொடங்குவார்கள், ஈ எழுத்திலும் தொடங்குவார்கள். ஒலிப்பை வைத்துப் பொருத்தும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வது, ஆகவே அதற்கு இவர்கள் இரண்டு பேர். அதே நேரம் ஒரே தெருவில் நிஜமாகவே நாலு இசக்கியம்மாள் இருப்பார்கள், அவர்களை ஒருவராகச் சேர்த்துவிடும் ஆபத்தும் உண்டு. வயதும் உதவாது, பாதிப்பேர் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று முழு எண்ணாகத்தான் சொல்வார்கள். நம் பெயர்களுக்கு என்று பொருத்தும் விதிகளை நீங்களே எழுத வேண்டும். சுடலை, பேச்சி, முப்பிடாதி என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று உங்களுக்குக் கேட்காமலே தெரியும். அந்த அறிவு வேலைவாய்ப்பு விளம்பரத்தில் வராது, ஆனால் திட்டத்துக்குள் போன ஒரு வாரத்தில் அதன் மதிப்பு தெரிந்துவிடும்.

இப்போது எனக்கு மிகவும் கவலையான விஷயத்துக்கு வருகிறேன். வீட்டிலிருந்து வேலை என்றால் பிறர் நோய் உங்கள் வீட்டு மேசைக்கு வருகிறது. 2020-இல் கொரோனாவின் தொடக்க நாட்களில் மேலப்பாளையம் அடைக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஓர் ஊரின் பெயரையும் அங்கே இருந்த மக்களையும் நோயோடு ஒட்டிப் பேசினார்கள். எங்கே அதிகமாகத் தேடினார்களோ அங்கே அதிகமாகக் கிடைத்தது என்ற எளிய உண்மையைச் சொல்ல வேண்டிய பொறுப்பு தரவு பார்ப்பவர்களுக்கு இருந்தது. எத்தனை சோதனை செய்தார்கள் என்ற எண் இல்லாமல் எத்தனை பேருக்கு நோய் என்ற எண்ணை வெளியிடவே கூடாது என்பேன். நம் பகுதியில் தெருவின் பெயர் போதும், ஆள் எந்தச் சாதி, எந்த மதம் என்று தெரிந்துவிடும். பெயரை நீக்கிவிட்டோம், அடையாளம் போய்விட்டது என்று நினைக்கும் வெளிநாட்டுக் குழுவுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். முந்நூறு வீடு உள்ள ஊரில் "முப்பத்து நான்கு வயதுப் பெண், காசநோய்" என்று ஒரு வரி போதும், ஊருக்கே தெரியும். ஐந்து பேருக்குக் குறைவான எண் உள்ள கட்டங்களை மறைத்துவிடுங்கள். வரைபடத்தைத் தெரு அளவுக்கு இறக்காதீர்கள்.

நோயாளிகளின் மூலத்தரவை உங்கள் சொந்த மடிக்கணினியில் வைக்கச் சொல்லும் நிறுவனத்திடம் "உங்கள் சர்வரிலேயே வேலை செய்கிறேன், வழி செய்து கொடுங்கள்" என்று கேளுங்கள். வாட்ஸப்பில் வரும் எக்செல் கோப்பை வாங்காதீர்கள். 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறை வழிகாட்டுதல்களும் உண்டு. வெளிநாட்டு நிறுவனம் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படுகிற இடத்தில் வேலை பார்க்க வேண்டாம்.

டாக்டர் இல்லாதவனுக்கு மதிப்பு உண்டா என்ற கேள்வி. உண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை உதாரணமாகச் சொல்வேன். காசநோய் என்று தெரிந்ததும் உடல்எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், கால்வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, தாங்கல் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஊழியர்களே பார்த்துவிடலாம். நிலை மோசமானவர்களைப் பிரித்து உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எந்த அளவுகள் போதும், எந்த வரம்பில் கோடு போடுவது என்பது எண்களில் இருந்து வருவது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இதில் மாநிலத்தோடு நின்றது. அந்த நிறுவனம் 1999-இல் உருவானபோது அதில் இணைந்த இரண்டில் ஒன்று மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையம். புள்ளியியல்காரர்கள் இந்தத் துறைக்கு இடையில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அல்ல. ஆனால் ஒன்று: நோயின் கதையை நீங்களும் படிக்க வேண்டும். ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்) எந்த உண்ணியின் குஞ்சால் வருகிறது, ஏன் மழை முடிந்த குளிர்மாதங்களில் கூடுகிறது, தோலில் அந்தக் கருப்புப் புண் எல்லோருக்கும் இருக்குமா என்று தெரியாமல் அதன் தரவைத் தொடக் கூடாது. டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நன்றாகக் கேட்பவர்களுக்கு அவர்கள் நேரம் ஒதுக்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். இலவசம், இந்தத் துறை அதில்தான் அதிகம் பேசுகிறது. தரவுத்தளத்தில் இருந்து தகவல் எடுக்கும் எஸ்கியூஎல் மொழியில் அடிப்படை வேண்டும். வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம். மருந்து நிறுவனப் பக்கம் போவதானால் சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருள்; மாணவர்களுக்கு இணையவழியில் இலவசமாகத் தருகிறார்கள். தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் சுகாதார ஆராய்ச்சி அடிப்படைகள் பற்றி ஒரு பாடம் நடத்திவருகிறது, அதை முடியுங்கள். மேற்படிப்புக்கு வேலூர் சிஎம்சியில் உயிர்ப்புள்ளியியல் உண்டு, ஆனால் உடனே அதற்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. குடும்பநல ஆய்வுபோன்று சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்ட மாதிரித் தரவில், ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட எடைகளையும் ஊர்வாரியான கொத்துகளையும் சேர்த்துக் கணக்கிடத் தெரிய வேண்டும். நேர்முகத்தேர்வில் பாதிப்பேர் கழிவது அங்கேதான்.

அன்றாட நடைமுறை பெரிதாக ஒன்றும் இல்லை. லண்டன்காரர்களின் காலை ஒன்பது மணி நமக்குக் கோடையில் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. நியூயார்க்கின் ஒன்பது மணி என்றால் சாயங்காலம் ஆறரை அல்லது ஏழரை. கூட்டம் ராத்திரி பத்து வரை இழுக்கும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாதம் ஒருநாள் பராமரிப்பு மின்தடைக்கு இன்வெர்ட்டர், இரண்டு வேறு கம்பெனியின் இணையம். வருமானம் வெளிநாட்டில் இருந்து வந்தால் முதல் மாதமே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். நான் பார்த்த மருத்துவப் பதிவுகளில் தொழில் என்ற கட்டம் ஒன்று வெறுமையாக இருக்கும், இல்லையென்றால் வீட்டில் இருந்து பீடி சுற்றும் பெண்களுக்கு "இல்லத்தரசி" என்று இருக்கும். முக்கூடல், கடையம், மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் என்று எத்தனை ஊர்ப் பெண்கள் நாள் முழுக்கப் புகையிலைத் தூளோடு உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களின் இருமலும் ரத்தசோகையும் முதுகுவலியும் தொழிலோடு சேர்த்துக் கணக்கில் வராமலே போகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாம் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதில் பீடி சுற்றுபவர்கள் எத்தனை என்று அந்த எண் சொல்வதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரிடம் பேசிப் பாருங்கள். தொழிலை எழுத இடம் இருக்கிறதா, இருந்தால் என்ன எழுதுகிறார் என்று கேளுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் கையில் காட்ட ஒரு வேலை இருக்க வேண்டும். நோயாளியின் தனித்தரவு எதுவும் தேவைப்படாத ஒன்றைச் சொல்கிறேன். ஐடிஎஸ்பி வாரந்தோறும் நாடெங்கும் வந்த நோய்ப்பரவல் பட்டியலை வெளியிட்டுவந்திருக்கிறது, பிடிஎஃப் கோப்புகளாகப் பொதுவில் கிடைக்கும். மாநிலம், மாவட்டம், நோய், எத்தனை பேர், எத்தனை இறப்பு, பரவல் தொடங்கிய நாள், தெரிவித்த நாள் என்று அதில் இருக்கும். தமிழ்நாட்டுக்கு உரியவற்றை மட்டும் ஆர் மூலம் பிரித்தெடுத்து அட்டவணையாக்குங்கள். தொடங்கிய நாளுக்கும் தெரிவித்த நாளுக்கும் இடையே எத்தனை நாள், அது நோய்க்கு நோய் எப்படி மாறுகிறது, வருடம் போகப்போகக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சராசரி வேண்டாம், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணை எடுங்கள். ஒன்றிரண்டு மிகத் தாமதமான பரவல் சராசரியைக் கெடுத்துவிடும். நாள் விடுபட்ட வரிகளைத் தூக்கி எறியாமல் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். 2019-க்கு முன்னும் பின்னும் திருநெல்வேலி என்ற பெயரை எப்படிக் கையாண்டீர்கள் என்று ஒரு பத்தி. நிரல், அட்டவணை, இரண்டு பக்க விளக்கம், அவ்வளவு போதும். முடித்ததும் அனுப்புங்கள், நான் வரிவரியாகப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.